ஏற்காடு மலைப்பாதையில் இரவு ஏறுவதற்கு ஹெட்லைட், ஃபாக் லைட் பல்பு எது மாற்றலாம்?

மிளகுக்கொடி:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2013 ஸ்விஃப்ட் விடிஐ, 1,10,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. வேலை சேலம் அஸ்தம்பட்டியில், வீடு ஏற்காட்டில் நாகலூர் போகிற பக்கம். கடையை அடைத்துவிட்டு அடிவாரம் வந்து சேரும்போது எட்டரை, ஒன்பது ஆகிவிடும், அதற்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவு. மாதத்தில் 25 நாள் இதுதான் என் பாடு.

பிரச்சினை வெளிச்சம். டிம்மில் போட்டால் மண்ணெண்ணெய் விளக்கு பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கிறது. பிரைட்டில் பரவாயில்லை, ஆனால் எதிரே வண்டி வரும்போதெல்லாம் இறக்கத்தானே வேண்டும். ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் பாதி மலைக்கு மேல் மூடுபனி வேறு. போன வாரம் ஒரு வளைவு திரும்பி நிமிர்ந்தால் ரோட்டுக்குக் குறுக்கே கறுப்பாகச் சுவர் மாதிரி ஏதோ நிற்கிறது. காட்டெருமை. எனக்கும் அதற்கும் நடுவில் பத்தடி இருந்தால் அதிகம். அது என்னைப் பார்த்துவிட்டு நிதானமாக எஸ்டேட்டுக்குள் இறங்கிப் போய்விட்டது, எனக்குத்தான் கை நடுக்கம் நிற்க ஐந்து நிமிடம் ஆனது.

இதுவரை செய்தது: ஒரு ஆக்சஸரீஸ் கடையில் 2,800 ரூபாய் கொடுத்து எல்இடி பல்பு வாங்கிப் போட்டேன். பெட்டியில் 20,000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்று இருந்தது. முதல் நாள் கீழே டவுனில் பட்டப்பகல் மாதிரி இருக்க, அடடா என்று நினைத்தேன். மலை ஏறினால் காருக்கு முன்னால் இருபதடி வரை வெள்ளையாகக் கொதிக்கிறது, அதைத் தாண்டி ஒன்றுமே தெரியவில்லை. எதிரே வந்த பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி ஜன்னல் வழியாகச் சொன்னதை இங்கே எழுத முடியாது. மூன்று மாதத்தில் ஒரு பக்கத்து பல்பைக் குளிர்விக்கிற ஃபேன் நின்று பல்பு மினுக்க ஆரம்பித்தது, கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய பல்புக்கே திரும்பிவிட்டேன்.

விடிஐ நடு ரகம் என்பதால் ஃபாக் லைட் (மூடுபனிக்கான விளக்கு) கம்பெனியில் இருந்து வரவில்லை, வண்டி வாங்கிய வருடமே வெளியில் போட்டது. பல்பு எச்11, 55 வாட், நீலப் பூச்சு பூசிய வெள்ளை. பனியில் அதைப் போட்டால் முகத்துக்கு நேரே வெள்ளை வேட்டியைக் காயப்போட்ட மாதிரி இருக்கிறது, அதனால் அணைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறேன்.

இப்போது ஒரு நண்பர் 100/90 வாட் பல்பு (பிரைட்டுக்கு 100, டிம்முக்கு 90) போடு என்கிறார், இன்னொருவர் எச்ஐடி (இழைக்குப் பதில் வாயுவில் எரிகிற பல்பு) என்கிறார், அப்பாவோ "நாங்கள் எல்லாம் மஞ்சள் லைட்டில்தான் ஏறினோம், மஞ்சள் போடு" என்கிறார். கையில் 5,000 ரூபாய் வரை இருக்கிறது. என்ன மாற்றலாம்?

தட்டுவடை_செட்:

நீங்கள் வாங்கியது மட்டமான எல்இடி, அவ்வளவுதான். நான் 6,500 ரூபாய்க்கு நல்லதாகப் போட்டு இரண்டு வருடம் ஆகிறது, ஓமலூர் ரோட்டில் தொப்பூர் வரை ராத்திரி பறக்கிறேன், போர்டெல்லாம் அரை கிலோமீட்டருக்கு முன்னாலேயே ஜொலிக்கிறது. இந்தக் காலத்தில் போய் ஹாலோஜன் (பழைய இழை பல்பு) போடச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். கொஞ்சம் கூடப் போட்டு நல்ல எல்இடி வாங்குங்கள், ஃபாக் லைட்டுக்கும் அதையே போட்டுவிடுங்கள்.

பழைய_ஃப்யூஸ்:

தம்பி, பல்பு வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டரைக் கையில் எடு. நான் முப்பது வருடமாக வண்டி ஒயரிங் வேலைதான் பார்க்கிறேன். "ஹெட்லைட் மங்கல்" என்று வருகிற பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் பல்பின் மேல் தப்பே இருக்காது.

இன்ஜினை ஓட விட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, முதலில் பேட்டரியில் வோல்டேஜ் பார். 13.5, 14 என்று காட்டும். அப்புறம் பல்பின் பின்னால் மாட்டியிருக்கிற மூன்று பின் கனெக்டரில், பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே பார். பல்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் மீட்டர் பொய் சொல்லும், லோடு இருக்கும்போதுதான் ஒயரின் லட்சணம் தெரியும். பத்து வருட வண்டியில் அங்கே 12 கூட வராமல் இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். மெல்லிசான ஒயர், ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்சின் தேய்ந்த காண்டாக்ட், துருப்பிடித்த எர்த், இவை மூன்றும் ஆளுக்குக் கொஞ்சம் தின்றுவிடும். 2 வோல்ட்தானே போகிறது என்று நினைக்காதே. ஹாலோஜனில் வோல்டேஜ் 5 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 15 சதவீதத்துக்கும் மேல் குறையும், 10 சதவீதம் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடும். இழை கொஞ்சம் சூடு குறைந்தாலே வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு வேகமாகச் சரியும், அதனால்தான் இப்படி.

வோல்டேஜ் குறைவாக இருந்தால் வைத்தியம் ரிலே ஒயரிங் செட். ரிலே என்பது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடுகிற ஸ்விட்ச். பேட்டரியில் இருந்து நேராக, ஃப்யூஸ் வைத்த தடித்த ஒயர் இரண்டு ரிலே வழியாகப் பல்புக்குப் போகும். உன் பழைய ஹெட்லைட் ஒயர் இனிமேல் ரிலேயைத் தட்டி எழுப்பும் வேலையை மட்டும் பார்க்கும். ஹோல்டர் பீங்கானாக இருக்கிற செட்டாக வாங்கு. கம்பெனி ஒயரை எங்கேயும் வெட்டத் தேவையில்லை, ஒரு பக்கத்துக் கனெக்டரை செட்டில் செருகினால் போதும். வெட்டுகிறேன் என்று கத்தரியை எடுக்கிறவனிடம் வண்டியைக் கொடுக்காதே.

அடுத்தது ஹெட்லைட் கண்ணாடி. அது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட். வெயிலில் நிற்க நிற்க மேல்பூச்சு போய் மஞ்சளித்துப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். உள்ளே என்ன பல்பு போட்டாலும் அந்தப் புகைக்குள் சிதறி, பாதி மேலே போகும், எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். பற்பசை தேய்த்தால் ஒரு வாரம் பளபளக்கும், அப்புறம் பழையபடிதான். 800, 1000, 2000, 3000 என்று வரிசையாக வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் வெயில் தாங்கும் கோட்டிங் அடித்தால்தான் நிற்கும். அந்தக் கடைசிக் கோட்டிங்கை விட்டுவிட்டுக் காசு வாங்குகிறவர்கள் உண்டு, கேட்டுச் செய்.

இப்போது பல்பு. உன் வண்டிக்கு எச்4, 12 வோல்ட், 60/55 வாட். ஒரே பல்புக்குள் இரண்டு இழை. டிம் இழைக்குக் கீழே சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு தகடு இருக்கும், பார்த்திருப்பாய். அது கீழ்ப்பக்கம் போகிற ஒளியை மறைத்துவிடும், பின்னால் இருக்கிற ரிஃப்ளெக்டரின் மேல் பாதி மட்டும்தான் டிம்முக்கு வேலை செய்யும். அதனால்தான் சுவரில் அடித்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று கோடு போட்ட மாதிரி விழுகிறது. ரிஃப்ளெக்டர் முழுவதும் அந்த இழை எங்கே இருக்கிறது என்பதை வைத்துக் கணக்குப் போட்டுச் செய்தது, ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கோடு கலைந்துவிடும். எல்இடி பல்பில் இழைக்குப் பதில் ஒரு தட்டைத் தகட்டின் இரண்டு பக்கமும் ஒளி தருகிற சில்லு ஒட்டியிருப்பார்கள். இழை இருக்க வேண்டிய இடத்தில் தகடு இருக்கும், ஒளி இரண்டு பக்கமும் தள்ளிப் பிறக்கும். அதனால்தான் உனக்குப் பக்கத்தில் கொதித்தது, தூரத்தில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் அவ்வளவு வெளிச்சம் இருந்தால் கண்மணி சுருங்கிவிடும், தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகும். காட்டெருமை நிற்பது அந்த இருட்டில்தான்.

அந்த 20,000 லூமன் பற்றி ஒரு வார்த்தை. நல்ல எச்4 ஹாலோஜனே டிம்மில் 1,000, பிரைட்டில் 1,650 லூமன்தான். எல்இடி வாட்டுக்கு 100, மிஞ்சிப் போனால் 150 லூமன் கொடுக்கும், 30 வாட் இழுக்கிற பல்பில் 20,000 எங்கிருந்து வரும்? சைபருக்கு அச்சுக் கூலி கிடையாது, அவ்வளவுதான்.

100/90 வேண்டாம். ஒரு பல்புக்கு 100 வாட் என்றால் 8 ஆம்பியருக்கு மேல், உன் ஒயர் 5 ஆம்பியரை மனதில் வைத்துப் போட்டது. ரிலே போட்டு ஒயரைக் காப்பாற்றினாலும் சூடு எங்கே போகும்? ரிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சு கருகும், முன் பிளாஸ்டிக் வெம்பும். எச்ஐடி அதைவிட மோசம், எச்4 கூட்டில் அது நான்கு பக்கமும் சிதறும்.

ஆகவே பிலிப்ஸ், ஆஸ்ராம் மாதிரி தெரிந்த கம்பெனியின் 60/55 பல்பே போதும், ஒன்று 200 ரூபாய்ப் பக்கம் வரும். ஆசை இருந்தால் அதே கம்பெனிகளின் "100 சதவீதம் கூடுதல்", "130 சதவீதம் கூடுதல்" வகை போடலாம். அந்தச் சதவீதம் மொத்த வெளிச்சத்தைச் சொல்வது இல்லை, ரோட்டில் சில குறிப்பிட்ட இடங்களில் விழுவதைச் சட்டம் கேட்கிற குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுச் சொல்வது. தூரம் கொஞ்சம் கூடும், ஆயுள் நன்றாகக் குறையும். தினமும் ஓட்டுகிற உனக்கு வருடத்துக்கு ஒரு ஜோடி வாங்க வேண்டி வரலாம். நீலமாக இருக்கிற ஹாலோஜன் எதையும் தொடாதே. அந்தப் பூச்சு வெளிச்சத்தை வடிகட்டித்தான் வெள்ளையாகக் காட்டுகிறது.

மாற்றும்போது பல்பின் மேல் கை படக் கூடாது, கை எண்ணெய் பட்ட இடம் மட்டும் அதிகம் சூடாகி பல்பு சீக்கிரம் போய்விடும். பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்டுத் துடை. பின்னால் இருக்கிற ரப்பர் மூடியை மறக்காமல் மாட்டு. எல்இடி ஃபேனுக்கு இடம் வேண்டும் என்று உன் மூடியை யாராவது அறுத்திருந்தால் முதலில் புதுசு வாங்கு, ஏற்காட்டு ஈரத்துக்கு ஒரே மாதத்தில் உள்ளே தண்ணீர் கோத்துவிடும்.

கூட்ஸ்_வண்டி:

பழைய ஃப்யூஸ் அண்ணன் சொன்னது சரி. நான் 17 வருடமாகக் காய்கறி, காபி மூட்டை ஏற்றிக்கொண்டு இந்த மலையில் ஏறி இறங்குகிறேன், சில நாள் குப்பனூர் வழியாகவும். எனக்கு மின்சாரக் கணக்கெல்லாம் தெரியாது, மலையில் லைட் எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

கொண்டை ஊசி வளைவில் ஹெட்லைட்டால் பிரயோஜனமே இல்லை. நீ வலது பக்கம் ஒடிக்கிறாய், வண்டி மூக்கு இன்னும் நேரே பாறையைத்தான் பார்க்கிறது, இல்லையென்றால் பள்ளத்துக்கு மேலே வெறும் காற்றைப் பார்க்கிறது. 1,000 வாட் போட்டாலும் பாறைதான் பளிச்சென்று தெரியும். வளைவுக்கு உள் பக்கம் ரோட்டைக் காட்டுவது அகலமாக அடிக்கிற லைட். அதுதான் ஃபாக் லைட். தாழ்வாக, தட்டையாக, இரண்டு பக்கமும் விரிந்து விழுகிற மாதிரி நல்லதாக இருந்தால் பனி இல்லாத ராத்திரியில்கூட அந்த 20 வளைவுக்கும் அது உதவும். உன் வண்டியில் அதை அணைத்து வைத்திருக்கிறாய் என்றதும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஃபாக் லைட் பனியில் வெள்ளை வேட்டி கட்டுகிறது என்றால் அது மேலே பார்த்துக்கொண்டு இருக்கிறது. சரியாகக் கீழே பார்க்கிற ஃபாக் லைட் அப்படிச் செய்யாது.

பல்பு கண்டிப்பாக மஞ்சள் போடு. அப்பா சொல்வதுதான் சரி, மஞ்சள் பனியைத் துளைத்துக்கொண்டு போகும்.

அப்புறம் பனியில் பிரைட் போடவே போடாதே, டிம்மும் ஃபாக் லைட்டும் போதும். ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வா, கோடு தெரிகிற தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடிகிற வேகம்தான் உன் வேகம். நான்கு இண்டிகேட்டரையும் மினுக்கிக்கொண்டு ஓட்டுகிற பழக்கம் டூரிஸ்ட் வண்டிகளிடம் இருக்கிறது. அவன் நிற்கிறானா, போகிறானா, திரும்புகிறானா என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது, அதையும் செய்யாதே. வளைவில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழி விட வேண்டும், ஆனால் இது தெரிந்தவர்கள் சனி, ஞாயிறில் மலைக்கு வருவது இல்லை.

இன்னொன்று, சிரிக்காதே. பனி என்று நினைப்பதில் பாதி உன் வண்டியின் முன் கண்ணாடியின் உள் பக்கம் இருக்கும். மேலே குளிர், உள்ளே உன் மூச்சு, கண்ணாடி பூத்துவிடும். ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பு. குளிருக்கு ஏசியா என்று என் கிளீனர் பையன் பல வருடமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

பழைய_ஃப்யூஸ்:

கூட்ஸ் வண்டித் தம்பி சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். மஞ்சள் பனியைத் துளைக்காது. வானம் ஏன் நீலம் என்று சொல்கிற கணக்கு காற்றின் மூலக்கூறுகளுக்குப் பொருந்தும். பனித்துளி ஒளி அலையைவிடப் பல மடங்கு பெரியது, அது நீலத்தையும் மஞ்சளையும் ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சள் பூச்சு பல்பின் ஒளியில் கொஞ்சத்தை வடிகட்டவும் செய்கிறது. ஆனால் மஞ்சள் கண்ணை உறுத்தாது, பனியிலும் மழையிலும் திரும்பி வருகிற கூச்சம் குறைவாகத் தோன்றும். பிரான்சில் 1993 வரை கார் ஹெட்லைட்டே மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருந்தார்கள். அதனால் மஞ்சள் போடுவதில் தப்பில்லை, நானும் போட்டுக் கொடுப்பேன். லைட் எங்கே பார்க்கிறது என்பதுதான் அதைவிட முக்கியம், அதில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு.

மிளகுக்கொடி:

அண்ணா, மீட்டர் வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் 13.9, வலது ஹெட்லைட் கனெக்டரில் 11.8, இடது பக்கம் 11.6! இரண்டு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போகிறது. ரப்பர் மூடியும் ஒரு பக்கம் அறுத்துத்தான் இருக்கிறது, எல்இடி போட்ட கடையில் செய்த வேலை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பல்பு மாற்றிய பிறகு எய்மிங், அதாவது லைட் எங்கே பார்க்கிறது என்பதை, எப்படிச் சரிபார்ப்பது? எங்கள் ஊரில் சமமான தரை கிடைப்பதே பெரிய விஷயம். அப்புறம் எல்இடி போட்டால் சட்டப்படி பிரச்சினை உண்டா? எல்லோரும் போட்டுக்கொண்டுதானே ஓட்டுகிறார்கள்?

தட்டுவடை_செட்:

அண்ணன் சொன்னதைக் கேட்டு நேற்று ராத்திரி என் வண்டியை வீட்டுக் காம்பவுண்ட் சுவருக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தேன். கோடு என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அதற்கு மேலேயும் இரண்டு பெரிய திட்டு மாதிரி வெளிச்சம் விழுகிறது, ஒன்று நேராக எதிர் வீட்டு மாடி ஜன்னலுக்கே போகிறது. போர்டு ஏன் அரை கிலோமீட்டருக்கு முன்னால் ஜொலித்தது என்று இப்போது புரிகிறது, போர்டு உயரத்தில் இருக்கிறதே. இருந்தாலும் நேர் ரோட்டில் எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பழைய_ஃப்யூஸ்:

உனக்குத் தெரிகிறது. எதிரே வருகிறவனுக்கு?

எய்மிங் சொல்கிறேன். சமமான தரை வேண்டும், பெட்ரோல் பங்க் மாதிரி சிமெண்ட் தரையும் எதிரே சுவரும் இருக்கிற இடமாகப் பார், கீழே சேலத்திலேயே முடித்துவிட்டு மேலே போ. டயரில் காற்று சரியாக இருக்கட்டும், டிரைவர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும், ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிற ஹெட்லைட் உயரச் சக்கரம் 0-ல் இருக்கட்டும். முதலில் வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தி ஒவ்வொரு ஹெட்லைட்டின் நடுப்புள்ளிக்கு நேராகவும் சுவரில் டேப் ஒட்டு. அப்புறம் நேராக 10 மீட்டர் பின்னால் வா. டிம் போட்டால் அந்த வெளிச்சக் கோடு டேப்புக்கு 10 சென்டிமீட்டர் கீழே, கொஞ்சம் கூடக்குறைய இருக்க வேண்டும். நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுகிறோம், அதனால் கோடு இடது பக்கம் மட்டும் சற்று மேலே ஏறும், அது தப்பில்லை, ஓரத்தில் நடக்கிற ஆளைக் காட்டுவதற்காக அப்படி வைத்தது. பின்னால் இருக்கிற ஸ்குரூவைத் திருப்பிச் சரி செய்துகொள். இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதே, ஒன்றைத் துணியால் மூடிவிட்டு மற்றதைப் பார்.

அந்த உயரச் சக்கரம் 1, 2, 3 என்று இருக்கிறதே, பெரும்பாலானவர்கள் அதை ஜென்மத்தில் தொட்டது இல்லை. பின் சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் மூட்டையும் இருந்தால் வண்டி மூக்கு மேலே தூக்கும், லைட்டும் தூக்கும். அப்போது 2 அல்லது 3-க்குத் திருப்பி லைட்டைக் கீழே இறக்க வேண்டும். ஊருக்கு வருகிற விருந்தாளிகளின் வண்டி மலை ஏறும்போது கண் கூசுவதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

ஃபாக் லைட்டையும் அதே சுவரில் பார்த்துவிடு. அதன் கோடு படுக்கை வசமாக, நேராக இருக்கும், ஃபாக் லைட் உயரத்துக்குக் கீழேதான் விழ வேண்டும். 55 வாட் இரண்டு என்றால் அதற்கும் தனி ரிலே இருக்கிறதா பார்.

ஆர்சி_புக்:

சட்டம் கேட்டீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பில் இருந்து மாறுகிற மாதிரி வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 106-ஆம் விதி இன்னும் நேரடியானது. லைட் நிரந்தரமாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும், எதிரே 8 மீட்டர் தூரத்தில், தரையில் இருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிற கண்ணைக் கூசச் செய்யக் கூடாது. கொஞ்சம் யோசித்தால் அது எதிரே நிற்கிற ஒரு மனிதனின் கண் உயரம். அந்தக் காலத்தில் லாரி, பஸ் ஹெட்லைட்டின் நடுவில் கறுப்புப் பெயிண்டில் பொட்டு வைத்திருப்பார்கள், பெரியவர்களுக்கு நினைவு இருக்கும், அதுவும் இந்தக் கூச்சத்துக்குப் பயந்துதான். அதே வாட்டில் அதே வகை ஹாலோஜன் மாற்றினால் எந்தக் கேள்வியும் இல்லை, அது தேய்ந்த டயரை மாற்றுவது மாதிரி.

எல்லோரும் போடுகிறார்களே என்பதை செக்போஸ்ட்டில் சொல்லிப் பாருங்கள், எனக்கும் என்ன பதில் வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.

மிளகுக்கொடி:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், கடையில் வேலை அதிகம்.

செய்தது இதுதான். ரிலே செட் 750 ரூபாய், பீங்கான் ஹோல்டர் வைத்தது. சாதாரண 60/55 பல்பு ஜோடி 400. கண்ணாடி பாலிஷ் 800, கோட்டிங் அடிக்கும்போது பக்கத்திலேயே நின்றேன். ரப்பர் மூடி பழைய இரும்புக் கடையில் 100 ரூபாய்க்குக் கிடைத்தது. ஃபாக் லைட்டுக்கு மஞ்சள் எச்11 ஜோடி 600. மொத்தம் 2,650, அந்த எல்இடி வாங்கிய காசைவிடக் குறைவு.

இப்போது கனெக்டரில் 13.4 வருகிறது. டிம் போட்டதும் வீட்டில் எல்லோரும் வேறு வண்டி என்று நினைத்தார்கள். பிரைட் போட்டால் அடுத்த வளைவின் தடுப்புச் சுவர் முழுதாகத் தெரிகிறது. சுவரில் பார்த்தபோது இடது ஹெட்லைட் ஒரு சாணுக்கு மேலே பார்த்துக்கொண்டு இருந்தது, எத்தனை வருடமாக அப்படி இருந்ததோ, அந்த பஸ் டிரைவர் திட்டியதில் எல்இடிக்குப் பாதி, இதற்குப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். முந்தாநாள் மறுபடி காட்டெருமை, ஐந்தாறு உருப்படி கூட்டமாக. இந்த முறை தூரத்திலேயே தெரிந்துவிட்டது, லைட்டை இறக்கிவிட்டு இன்ஜினை ஓடவிட்டபடி காத்திருந்தேன், ஒவ்வொன்றாகக் கடந்து போயின.

ஒரு குறை. ஃபாக் லைட்டைச் சுவரில் பார்க்கவில்லை, அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மஞ்சள் பல்பு போட்டும் பனியில் இன்னும் முகத்துக்கு நேரே ஒரு திரை தெரிகிறது. வேட்டி இப்போது மஞ்சள் வேட்டி ஆகிவிட்டது, அவ்வளவுதான். வலது பக்கம் பரவாயில்லை, இடது பக்கம்தான். போதாததற்கு இடது ஃபாக் லைட்டுக்குள் ஒரு விரற்கடை தண்ணீர் நிற்கிறது. பல்பு மாற்றும்போது வடித்துவிட்டு ரப்பரை நன்றாக அழுத்தி மாட்டினேன், மூன்று நாளில் திரும்பவும் அதே அளவு தண்ணீர்.

கூட்ஸ்_வண்டி:

நான் முதலிலேயே சொன்னேனே, அது மேலே பார்க்கிறது. ஸ்குரூவைத் திருப்பி இறக்கு.

மிளகுக்கொடி:

கடைசி மரை வரைக்கும் திருப்பிவிட்டேன் அண்ணா. அப்படியும் அப்படியேதான் இருக்கிறது.

பழைய_ஃப்யூஸ்:

தண்ணீர் நிற்கிறது என்கிறாயே, அதுதான் எனக்கு இடிக்கிறது. அந்த மாதிரி ஃபாக் லைட்டின் அடியில் ஆவியும் தண்ணீரும் வெளியே போக ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பார்கள், அதில் தண்ணீர் நிற்க முடியாது. டார்ச் எடுத்துக்கொண்டு போய்க் குனிந்து பார். ஓட்டை கீழே இருக்கிறதா? ஃபாக் லைட்டின் முன் கண்ணாடி விளிம்பில் பொடி எழுத்தில் "டாப்" என்று ஆங்கிலத்தில் இருக்கும், அது எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பார்.

மிளகுக்கொடி:

பார்த்துவிட்டு வருகிறேன்.

மிளகுக்கொடி:

ஓட்டை மேலே இருக்கிறது, மழைத் தண்ணீர் அது வழியாகத்தான் உள்ளே போகிறது. "டாப்" என்று எழுதியது தரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது அண்ணா. வண்டி வாங்கிய வருடத்தில் இருந்து.